ஓதம் பார்த்து நுழைதல்



யோங் பெங் என்றால், நெடுஞ்சாலைப் பயணிகள் வண்டியை நிறுத்தி, உண்டு, இளைப்பாறிச் செல்லும் ஊர் என்றே பலரும் அறிவர். அவ்வூரில் ஆசிரியனாக இருக்கும் நான், கடலில் எங்கே நிறுத்தி இளைப்பாறுவது என்னும் பாடத்தை மிகத் தாமதமாகவே கற்றேன்.

என் பள்ளித் தோழர் ஒருவர் கப்பல் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் பத்து மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகொன்றை வாங்கினார். ஒரு பள்ளி விடுமுறையில் அவருடன் புறப்பட்டேன். இஸ்கண்டார் புத்ரியில் உள்ள புத்ரி ஹார்பர் படகுத்துறையிலிருந்து தஞ்சோங் பியாய் முனையைச் சுற்றி, மலாக்கா நீரிணை வழியே போர்ட்டிக்சன் வரை செல்வது எங்கள் திட்டம்.

இரவில் ஓட்டுவதில்லை என்பது தோழரின் முதல் விதி. நீரிணையின் நடுவே பெருங்கப்பல்களின் வழித்தடம். கரையோரமாகவோ விளக்கில்லாத மீன்வலைகளும் மிதக்கும் மரக்கட்டைகளும். பகலில் மட்டும் ஓடினால், மணிக்கு ஐந்து கடல் மைல் வீதம் ஒரு நாளைக்கு முப்பது, முப்பத்தைந்து மைல்தான் கடக்க முடியும். ஆகவே, அந்த இடைவெளியில் ஒவ்வோர் இரவுக்கும் ஓர் இடம் வேண்டும். படகுத்துறை என்றால் கயிற்றைக் கட்டிவிட்டு உறங்கலாம். குடிநீரும் மின்சாரமும் உண்டு. ஆனால் ஜொகூரின் மேற்குக் கரையில் அத்தகைய துறைகள் அரிது. பெரும்பகுதி சேற்று நிலமும் சதுப்புக் காடும்தான். குக்குப் தீவும் தஞ்சோங் பியாயும் 2003ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. பறவைகளுக்குச் சொர்க்கம், ஆழம் தேடும் படகுக்குச் சோதனை.

வரைபடத்தை விரித்துத் தோழர் மூன்று கேள்விகள் கேட்பார். இரவில் காற்று எத்திசையிலிருந்து வரக்கூடும்? நங்கூரம் பற்றும் தரை சேறா, மணலா, பாறையா? நிலைமை கெட்டால் இருட்டிலும் வெளியேற முடியுமா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே அவ்விடம் அழகானதா என்ற பேச்சு எழும்.

முதல் இரவு பூலாவ் பீசாங் தீவின் கிழக்குப் பக்கம் நங்கூரமிட்டோம். அத்தீவின் கலங்கரை விளக்கத்தை, ஜொகூர் சுல்தானுடன் 1900ஆம் ஆண்டில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி சிங்கப்பூர் பராமரித்து வருகிறது. மறுநாள் சுமார் முப்பது மைல் சென்று பத்து பகாட் ஆற்றுக்குள் நுழைய வேண்டும். அது என் ஆசை. சிம்பாங் கீரி, சிம்பாங் கானான் என்னும் இரண்டு ஆறுகள் கூடிப் பத்து பகாட் ஆறாகின்றன. பாரிட் சூலோங் பாலத்தின் கீழ் ஓடுகின்ற அதே சிம்பாங் கீரிதான். எங்கள் வட்டாரத்து ஆற்றில் கடல் வழியே நுழைந்து மாணவர்கள் முன் வந்து இறங்க வேண்டும் என்று எண்ணினேன். ஏழெட்டுக் குடும்பங்களுக்கு முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தேன். பிள்ளைகள் பதாகை எழுதிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது.

விடியலுக்கு முன் 'சுமத்ரா' எனப்படும் சூறைக்காற்று வந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராவின் பக்கமிருந்து இடியும் மழையுமாக வந்து, ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் காற்று அது. தீவு மேற்கே மதிலாக நின்றதால் எங்களுக்குத் தீங்கில்லை. ஆனால் கடல் அடங்கி, நங்கூரத்தில் சுற்றியிருந்த பழைய வலையை அறுத்தெடுக்க ஒன்பதரை மணியாகிவிட்டது. ஆற்று முகத்தில் ஓதம் உச்சமடைவது பன்னிரண்டரைக்கு. நாங்கள் போய்ச் சேர்ந்தால் மாலை மூன்றரை.

"இன்று போகவில்லை" என்றார் தோழர்.

எனக்குக் கோபம் வந்தது. "மூன்று மணி நேரத் தாமதம்தானே? பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்" என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "ஏறும் ஓதத்தில் தரை தட்டினால் சற்றுப் பொறுத்திருந்தால் போதும், நீரே தூக்கிவிடும். இறங்கும் ஓதத்தில் தட்டினால் நீர் நம்மை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அடுத்த பெருக்கு வரை சேற்றில் சாய்ந்து கிடக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் இன்னொரு சூறை வந்தால்?" என்றார். அவருக்கு விடை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கைப்பேசியில் ஒவ்வொரு வீடாக அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றார்கள் பெற்றோர். பின்னணியில் ஒரு குழந்தை அழுவது கேட்டது.

அன்று முழுவதும் தீவின் நிழலில் கிடந்தபோது இரண்டு நினைவுகள் வந்தன.

ஒன்று, புறநானூற்றின் 30ஆம் பாடல். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. பாயையும் இறக்காமல் பாரத்தையும் குறைக்காமல் பெருங்கலங்கள் புகாருக்குள் நுழைந்தன என்னும் செய்தி அதில் வருகிறது. எத்தனையோ மேடைகளில் அதைச் சோழர் பெருமையாக முழங்கியிருக்கிறேன். பாரத்தைக் குறைக்காமல் நுழைவதில் என்ன பெருமை என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆறு கடலில் புகும் இடமே புகார். அங்கே மணல் மேடிட்டிருந்தால் பாரத்தை இறக்கிக் கலத்தை மிதக்கவிட்டுத்தான் நுழைய வேண்டும். புலவர் பாராட்டியது ஆற்றுமுகத்தின் ஆழத்தையும் அல்லவா! முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளஸ்' என்னும் கிரேக்க நூலும், பரூச் துறைக்கு வரும் கப்பல்களை அரசனின் மீனவர்கள் எதிர்கொண்டு, ஓதம் பார்த்து ஆற்றுக்குள் அழைத்துச் சென்றதைக் கூறுகிறது. வந்த கலத்தை ஓதம் வரும்வரை நிறுத்திவைத்தலும் அவர்களுடைய கடமையாக இருந்தது.

மற்றொன்று, சொல்லக் கூசும் நினைவு. பல்லாண்டுகளுக்கு முன் ஒரு மாணவனைப் பேச்சுப் போட்டியில் சேர்த்தேன். போட்டிக்கு முதல் நாள் அவன், "இன்னும் தயாராகவில்லை சார்" என்றான். பெயர் கொடுத்தாகிவிட்டது, பெற்றோரும் வரப்போகிறார்கள் என்று வற்புறுத்தினேன். மேடையில் மூன்று வரிக்குப்பின் அவன் நின்றுவிட்டான். அதன்பின் ஆறாம் ஆண்டு முடியும்வரை அவன் எந்த மேடையிலும் ஏறவில்லை. அன்று அவனிடம் நான் சொன்ன காரணத்தையேதான், இன்று காலை தோழரிடமும் சொல்லியிருக்கிறேன்: எல்லாரும் காத்திருக்கிறார்கள்!

மறுநாள் ஆறரைக்கே புறப்பட்டோம். ஓதம் முந்தைய நாளைவிட ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளி வரும். பன்னிரண்டரைக்கு ஆற்று முகத்தை அடைந்தபோது நீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. மின்யாக் பெக்கு கரை வலப்புறம் தெரிந்தது. சயாம் படையினர் கல்லைக் குடைந்து கிணறு தோண்டியதால் 'குடைந்த கல்' என்னும் பொருளில் பத்து பகாட் என்ற பெயர் வந்தது என்று அங்கே வழிவழியாகச் சொல்வர். ஆழமானியில் எண்கள் குறைந்தன. மூன்று, இரண்டரை, இரண்டு. எங்கள் படகின் அடிப்பகுதி நீருக்குள் ஒன்றரை மீட்டருக்கும் சற்று அதிகம். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மெல்ல மூன்றானது, நான்கானது. உள்ளே வந்துவிட்டோம்.

கரையில் பதாகை இல்லை. வேலை நாள் அல்லவா! ஒரே ஒரு மாணவன் தன் தாத்தாவுடன் நின்றிருந்தான்.

"நேற்று ஏன் வரவில்லை, சார்?" என்றான்.

"நேற்று நான் வந்திருந்தால் ஆற்றில் தண்ணீர் போதாது" என்றேன்.

அவன் ஆற்றைப் பார்த்தான், நீர் நிறைந்திருந்தது. நம்பவில்லை என்று முகமே சொன்னது. தாத்தாதான் சிரித்தபடி, "சாயங்காலம் வரைக்கும் இங்கேயே இரு, நீயே பார்ப்பாய்" என்றார்.

நாங்கள் மூவரும் அங்கேயே இருந்தோம். ஐந்து மணிக்குச் சேறு தெரியத் தொடங்கியது.