குறிப்பாணைக்கு விளக்கம் எழுதுதல்

அரசாங்க ஊழியர் ஒருவரைப் பணிநீக்கம் வரையில் தண்டிக்க வழிகோலும் 17பி குறிப்பாணைக்கு விளக்கம் எழுதித் தருவது என் தொழிலில் பெரும்பகுதியாக இருந்துவருகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர் மனநோயால் வருந்துபவராயின், அனைத்தையும் மறுத்துவிடு என்று வக்கீல்கள் பரம்பரையாகக் கற்றுவந்த பாடம் உதவாது என்பது என் திடமான அபிப்பிராயம். சொல்லாமல் விடுப்பு எடுத்ததும் மேலதிகாரியிடம் கடுஞ்சொல் பேசியதும் நடக்கவே இல்லை என்று முதலில் எழுதிக்கொடுத்துவிட்டால், அவை நோயின் விளைவாக நேர்ந்தவை என்று பின்னர் வாதிக்கும் வாயில் அடைபட்டுப்போகிறது. ஆகையால், நடந்ததை நடந்தது என்று ஒப்புக்கொண்டு, அது ஒழுங்கீனம் என்பதை மட்டுமே மறுக்கிறேன். தாளின் இடப்புறம் மருத்துவச் சீட்டுகளின் தேதிகளையும் வலப்புறம் குற்றச்சாட்டுகளின் தேதிகளையும் கிரமமாக எழுதிப் பார்க்கையில், மருந்து மாற்றப்பட்ட வாரமும் சச்சரவு மூண்ட வாரமும் ஒன்றாயிருக்கக் கண்டதுண்டு.

இந்த முறைக்குப் பெரும் பலம் தந்தது, மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. நோய் ஒன்றே முழுக் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, காரணங்களுள் ஒன்றாக இருந்தாலே போதும் என்றும், மனநோயால் வருந்துபவர்மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்குவதே மறைமுகப் பாரபட்சத்தின் ஒரு கூறு என்றும் நீதிபதிகள் தெளிவுறுத்தினர்.

சட்டத்தைவிடக் கடினமானது வீட்டாரின் சம்மதம். நோயின் பெயர் கோப்பில் ஒருமுறை ஏறிவிட்டால் பெண்ணுக்கு வரன் அமையுமா என்று அஞ்சும் தாயிடம், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ விவரங்களுக்கு அந்தரங்கப் பாதுகாப்பு அளிக்கிறது என்று எடுத்துரைத்தாலும், அலுவலகத்து வம்புப்பேச்சை எந்தப் பிரிவும் கட்டுப்படுத்தாது என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அவ்விதம் சொல்லக் கேட்டபின் ஊழியரே மனமுவந்து இசைந்தாலன்றி, நோயின் பெயரை நான் எழுதுவதில்லை.

விளக்கத்தின் இறுதிப் பத்தியில் கருணை கோரும் வாசகம் எதையும் சேர்க்காமல், பணிக்காலத்தில் இயலாமை நேர்ந்தவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது, இருக்கும் பணிக்கு அவர் ஒவ்வாதவரானால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு அரசு அலுவலகங்களுக்கு இட்டிருக்கும் கட்டளையைச் சுட்டி, எந்தப் பணி என்பதையும் பெயர்சொல்லிக் கேட்கிறேன். அந்தப் படை அதிகாரிக்கும் துப்பாக்கியைக் கையாள வேண்டாத பதவியொன்றை அளிக்கலாம் என்றுதான் நீதிமன்றம் வழிகாட்டிற்று.