அப்பா கேட்ட கேள்வி

காசியில் படிக்கும் எனக்குத் தில்லியிலிருந்து அப்பா தொலைபேசியில் பேசினால் இரண்டே கேள்விகள்தாம். "சாப்பிட்டாயா? பணம் இருக்கிறதா?" இரண்டுக்கும் "ஆம்" என்பேன். பேச்சு முடிந்துவிடும்.

பணியிலிருந்து ஓய்வு பெற்ற மாதம் மூன்றாவது கேள்வி ஒன்று கேட்டார். "மின்சாரக் கார் வாங்கலாம் என்று இருக்கிறேன். டாடா டியாகோவா, எம்.ஜி. காமெட்டா? நீ பாட்டரியைப் பற்றித்தானே படிக்கிறாய், சொல்லேன்."

பெருமையாகத்தான் இருந்தது. உள்ளூர அச்சமும் இருந்தது. ஆய்வகத்தில் நான் செய்வதெல்லாம் சட்டைப் பொத்தான் அளவு மின்கலம். நான்கு செய்தால் ஒன்று கெட்டுப்போகும். அதைக் குப்பையில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடலாம். அப்பாவின் வைப்பு நிதிப் பணத்தை அப்படிப் போட முடியுமா?

கணக்குப் போட்டேன். 2022இல் டியாகோவின் மின்வண்டி வந்தபோது, 24 யூனிட் கொள்ளும் மின்கலத்துக்கு 315 கிலோமீட்டர் என்றார்கள். மின்கட்டணச் சீட்டில் வரும் அதே யூனிட்தான். 2023இல் வந்த காமெட்டுக்கு 17.3 யூனிட், 230 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், நண்பர்களே! இரண்டும் யூனிட்டுக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர்தான். விளம்பரத்தில் இரு மல்லர்கள். கணக்கில் பெரிய பானை, சிறிய பானை, அவ்வளவே. அதுவும் சோதனைமுறைக் கணக்கு. தில்லிச் சாலையில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் போதும் என்று வைத்துக்கொண்டேன். மயூர் விஹாரிலிருந்து மலை மந்திருக்குப் போய்வர நாற்பது கிலோமீட்டர் அளவு. சிறிய பானையே தாராளம். அறிமுக விலையும் 7.98 இலட்சம். டியாகோவின் தொடக்க விலையோ 8.49, அதுவும் சிறிய மின்கலம் உள்ள வகைக்கு.

"தீப்பிடிக்குமா?" என்றார் அப்பா. நம் நாட்டு மின்வண்டிகள் பலவற்றில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதில் ஆக்சிஜன் இறுகப் பிணைந்திருக்கிறது. சூடேறினாலும் எளிதில் வெளிவராது. ஆபத்து குறைவு, அறவே இல்லை என்று சொல்லமாட்டேன் என்றேன். 1997இல் அதை வெளியிட்டது டெக்சாஸில் குட்இனஃபின் குழு. அதற்கு வழிகாட்டிய முந்தைய ஆய்வில், எண்பதுகளில், அவருடன் உழைத்தவர் மதுரையில் படித்த ஆறுமுகம் மந்திரம். 2019இல் குட்இனஃபின் நோபல் உரையை அவர் சார்பில் நிகழ்த்தியவரும் இவரே. இதைச் சொன்னதும் அப்பாவுக்குப் பாதி அச்சம் போய்விட்டது. வேதியியலால் போகாதது ஊர்ப்பாசத்தால் போயிற்று!

காமெட் என்று எழுதி, வரைபடமும் வரைந்து அனுப்பினேன்.

விடுமுறையில் எல்லோருமாக விற்பனைக் கூடத்துக்குப் போனோம். காமெட்டுக்கு இரண்டே கதவுகள். பின்னால் உட்கார வேண்டுமானால் முன் இருக்கையை மடித்து, இடுக்கில் நுழைய வேண்டும். பாட்டி ஒரு காலை உள்ளே வைத்தார். மற்றக் கால் வரவில்லை. இளைஞன் ஒருவன் ஓடிவந்து, "பாட்டி முன்னால் உட்காரட்டுமே" என்றான்.

"அப்புறம் இவன் அம்மா? அவளுக்கும் முழங்கால் வலிதானே!" என்றார் பாட்டி.

மலை மந்திருக்குப் போக விரும்புகிறவர்களே அவர்கள் இருவரும்தாம். என் அட்டவணையில் பதினோரு பத்திகள் இருந்தன. கதவுக்கு ஒரு பத்தி இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. என் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டியாகோ வந்தது. வீடு மூன்றாம் மாடி. கீழே மின்னிணைப்பு வைக்கக் குடியிருப்புச் சங்கத்தாரின் இசைவு பெற இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை வாரம் ஒருமுறை வெளியே விரைவு மின்னேற்ற நிலையத்துக்குப் போய்வந்தார். காமெட் அறிமுகமானபோது அதில் அந்த வசதியே இல்லை. அதையும் நான் பார்க்கத் தவறியிருந்தேன்.

தை பிறப்பதற்கு முன், ஓர் இரவு தொலைபேசி ஒலித்தது. "குளிரில் தொலைவு குறைகிறதே, ஏன்?" அப்பா ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வந்திருக்கிறார்: காலை வெப்பம், ஓடிய கிலோமீட்டர், மீந்த விழுக்காடு. நானும் தாளை எடுத்தேன். குளிரில் அயனிகள் மந்தமாக நகர்வதையும், உள் மின்தடை ஏறுவதையும், வண்டிக்குள் சூடேற்றும் கருவி தன் பங்கைத் தின்பதையும் சொன்னேன். அவர் இடைமறித்தார். கருவியை நிறுத்திவிட்டு ஓட்டிய நான்கு நாள் கணக்கும் அவரிடம் இருந்தது. ஒவ்வொன்றாகப் படித்தார், நான் குறித்துக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் பேசினோம். சாப்பிட்டாயா என்று கேட்க அவர் மறந்துவிட்டார்.