மூன்று மில்லிமீட்டர்

மேற்கு ஜாவாவின் சிபினோங். இந்தோனேசியாவின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவு. வெளியே மதிய மழை பிடித்துக்கொண்டது. மேசையில் இருப்பவருக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. இரண்டு கண்ணும் மைக்ராஸ்கோப்பில். கைகள் மட்டும் தம் பாட்டுக்கு வேலை செய்கின்றன. வலக்கையில் இடுக்கி. இடக்கை பார்க்காமலே ஆல்கஹால் குப்பியை எட்டி எடுக்கிறது.

தட்டில் கிடப்பது எள்ளளவே இருக்கும் கறுப்புக் கூன்வண்டு. நீளம் 3 மில்லிமீட்டர்கூட இல்லை. சுலவேசி மலைக்காட்டில் ஈரச் சருகை அள்ளி, சல்லடையில் சலித்து எடுத்தது. ட்ரைகோனாப்டெரஸ் என்ற பேரினம். இந்தக் கூட்டத்தில் எதற்கும் பறக்க வராது. தொட்டால் காலை மடக்கி, மூக்கை மார்புக்கடியிலுள்ள பள்ளத்தில் சொருகிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். அந்த நிலையில் மண் துணுக்கென்று யாரும் ஊதித் தள்ளிவிடலாம்.

அதன் இடுப்பைச் சொல்லாமல் விட முடியாது. பப்புவாவில் வாழும் ஒப்லாங்கஸ் என்ற உறவுக்கார வண்டை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே ஆய்வாளர்கள் எக்ஸ்ரேயில் முப்பரிமாணப் படமெடுத்தார்கள். கால் உடலோடு சேரும் இடத்தில் அவர்கள் கண்டது மரை. ஒன்று நட்டு, மற்றது அதற்குள் திரும்பும் திருகாணி. அந்தக் கண்டுபிடிப்பு 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. லேத் பட்டறைக்காரர் பார்த்தால் ரசிப்பார்.

தட்டிலுள்ள வண்டு வெறும் கூடுதான். உள்ளிருந்த சதையை நொதி கரைத்துவிட்டது. அந்தக் கரைசலிலிருந்து மரபணு வரிசையும் எடுத்தாயிற்று. இது தனிச் சிற்றினம் என்று வரிசை சொல்கிறது. அதோடு முடித்துவிட இவருக்கு மனமில்லை. வயிற்றுப் பகுதியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஆண் உறுப்பை இழுக்கிறார். பழுப்பாக, தூசி அளவு. மூச்சை அடக்கியிருக்கிறார் என்பது தோள் அசையாததில் தெரிகிறது. கறுப்புச் சாயத்தில் நனைத்ததும் அதன் நுனி வடிவம் தெளிகிறது. பக்கத்துப் பெட்டியில் உள்ள சாயலொத்த வண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே வண்டு. அவர் தலையை லேசாக ஆட்டுகிறார்.

பிறகு எழுத்து. மூக்கின் மேடு, இறகுறையில் புள்ளிக்குழிகளின் வரிசை, தொடையின் பல், செதில். “மின்னும்” என்று தட்டச்சு செய்கிறார். மறுபடி குனிந்து விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு அழித்து, “ஓரளவு மின்னும்” என்று போடுகிறார். வேலை என்பது இந்த “ஓரளவு”தான். அடுத்த தலைமுறையில் வேறொருவர் வேறொரு வண்டை வைத்துக்கொண்டு இந்தச் சொல்லோடுதான் ஒப்பிடப்போகிறார்.

உறுப்பு கிளிசரின் நிரம்பிய சிறு குப்பிக்குள் போகிறது. குப்பி வண்டு இருக்கும் அதே ஊசியில் ஏறுகிறது. பெயருக்கு ஆதாரமாகும் இந்த மூலமாதிரிக்குச் சிவப்புச் சீட்டு.

பெயர் கடைசியில்தான். பத்திரிகைகள் பிடித்துக்கொள்வதோ அதை மட்டும். 2019இல் பூச்சியியலாளர்கள் அலெக்சாண்டர் ரீடலும் பிரமேசா நரகுசுமோவும் சுலவேசியிலிருந்து 103 சிற்றினங்களை ஒரே கட்டுரையில் விவரித்தபோது, உலகம் சிரித்துப் படித்தது யோடா, ஆஸ்டரிக்ஸ், ஒபெலிக்ஸ் என்ற சினிமா, காமிக்ஸ் பெயர்களைத்தான். அதற்கு முன் 2013இல் நியூகினி வண்டுகள் 101க்குப் பெயர் தேடியபோது, ரீடலின் குழுவினர் பப்புவா நியூகினியின் தொலைபேசிப் புத்தகத்தையும் புரட்டினார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நூறு பிள்ளை பெற்றவர் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அந்த 103க்கும் பின்னால் இப்படியொரு மேசையும் இப்படியொரு கழுத்துவலியும் இருந்திருக்கும் என்பதைப் பெயரைக் கேட்டுச் சிரிப்பவர் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கட்டுரை வரும்வரை சுலவேசியிலிருந்து இந்தப் பேரினத்தில் பெயர் பெற்றிருந்தது ஒன்றே ஒன்று. அது பதிவான ஆண்டு 1885.