சேற்றில் கிடந்த மீதிக் கதை

என்னிஸ், மொன்டானா
செப்டம்பர், ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கொளத்தூர் வண்ணமீன் கடை வாசலில் தட்டில் வைத்து விற்பாயே, செக்கச்செவேலென்று பந்தாகச் சுருண்டு கிடக்கும் டியூபிஃபெக்ஸ் புழு, இன்று முழுக்க அதன் நினைவுதான் எனக்கு. நின்றதோ மேடிசன் ஆற்றங்கரையில். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் தூண்டில்காரர்கள் டிரவுட் மீனுக்காக இங்கே வருகிறார்கள். முழங்கால் ஆழத் தண்ணீர், கூழாங்கல் மேல் ஓயாத சலசலப்பு. இந்த ஆற்றில்தான் 1990-களின் தொடக்கத்தில் ரெயின்போ டிரவுட்டில் பத்துக்கு ஒன்பது காணாமல் போயின. பெரிய மீன்கள் இருந்தன. அடுத்த தலைமுறைக் குஞ்சுகள்தான் தேறவில்லை. காரணம் 1994-இல் தெரிந்தது. சுழல் நோய்.

அந்த நோயை முந்தாநாள் மகளின் ஆய்வுக்கூடத் தொட்டியில் கண்ணால் பார்த்தேன். விரல் நீளக் குஞ்சு ஒன்று. வால் பக்கம் மட்டும் மையில் தோய்த்தெடுத்தது போலக் கறுத்திருந்தது. தீனி போட்டதும் மற்றவை பாய்ந்து வந்தன. இதுவும் பாயத்தான் பார்த்தது. ஆனால் உடம்பு வளைந்து, தன் வாலைத் தானே துரத்துகிற மாதிரி சுற்றியது. சுற்றிச் சுற்றிக் களைத்துத் தரையில் போய்ப் படிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு முயற்சி. அதற்குள் தீனி தீர்ந்துவிட்டது. நாற்பது வருஷமாக மீன் வளர்க்கிறவன் நீ, பக்கத்தில் இருந்திருந்தால் உனக்கும் மனசு ஆறியிருக்காது.

இதைச் செய்வது மிக்சோபோலஸ் செரிபிராலிஸ் என்ற ஒட்டுண்ணி. குஞ்சின் எலும்பு இறுகுவதற்கு முன்னால் இருக்கும் குருத்தெலும்பை அது தின்கிறது. அங்கே வரும் வீக்கம் நரம்புகளை நெருக்குவதால்தான் வால் கறுப்பதும் உடம்பு சுழல்வதும். ஜெர்மனியில் புரூனோ ஹோஃபர் 1903-இலேயே இதை விவரித்து எழுதிவிட்டார். ஆனால் எப்படித் தொற்றுகிறது என்பது மட்டும் எண்பது வருஷம் பிடிபடவில்லை. செத்த மீனிலிருந்து ஒட்டுண்ணியின் வித்துகளை எடுத்து நல்ல குஞ்சுகளுக்கு நேராகக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. அதே வித்துகளைச் சேற்றில் போட்டுச் சில மாதம் விட்டுவிட்டு, அந்தச் சேற்றுத் தண்ணீரில் குஞ்சுகளை விட்டால் நோய் வந்தது. சேற்றில் கிடந்து வித்து 'பழுக்கிறது' என்று எண்ணிக்கொண்டார்கள்.

பழுக்கவில்லை. சேற்றில் புழு இருந்தது. உன் தட்டில் இருக்கிற அதே டியூபிஃபெக்ஸ்.

மேற்கு வர்ஜினியாவில் கென் வுல்ஃப், மரியா மார்கீவ் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்து 1984-இல் வெளியிட்டார்கள். புழு சேற்றோடு சேர்த்து அந்த வித்தையும் விழுங்குகிறது. வித்து அதன் குடல் சுவரில் மூன்று மாதம் போல வளர்ந்து, வேறு உருவம் எடுத்து வெளியே வருகிறது. அந்த உருவத்தை முன்பே எல்லாரும் அறிவார்கள். அதற்குத் தனிப் பெயர், தனி வகுப்பு என்று பாடப்புத்தகத்திலும் இடம் கொடுத்திருந்தார்கள். மீனில் வாழ்வது ஒரு உயிர், புழுவில் வாழ்வது இன்னொரு உயிர் என்று பிரித்து எழுதி வைத்திருந்தது முழுக்க ஒரே உயிரின் இரண்டு பருவங்கள். முதலில் பலர் நம்ப மறுத்தார்கள். நானும் கல்லூரியில் அந்தப் பழைய பாடத்தைத்தான் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன்.

புழுவிலிருந்து வருகிற உருவத்தை மகள் நுண்ணோக்கியில் காட்டினாள். பார்த்ததும் வாய்விட்டு "பாதாளக் கரண்டி!" என்றேன். கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவி எடுக்க எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்குமே, அதே மாதிரி ஒரு தண்டும் மூன்று வளைந்த கைகளும். ஒவ்வொரு கையும் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். தண்ணீரில் மிதந்து போக அந்தக் கைகள் போதும். மீன் தோலில் பட்ட மாத்திரத்தில் தண்டின் நுனியிலுள்ள மூன்று சிமிழ்களிலிருந்து இழைகள் பாய்ந்து பற்றிக்கொள்ளும். உள்ளே காத்திருக்கும் அணுக்கள் தோல் வழியே நுழைந்து, நரம்பைப் பிடித்துக்கொண்டே குருத்தெலும்பு வரை போய்ச் சேரும். அங்கே பெருகி மறுபடி வித்தாகிறது. மீன் செத்து அழுகினால் வித்து சேற்றுக்குப் போகும். பறவை தின்றால் எச்சத்தோடு அடுத்த ஆற்றுக்கே போகும்.

அந்தச் சிமிழ் வேறு எதில் உண்டு தெரியுமா? மெரினாவில் கரை ஒதுங்குகிற ஜெல்லி மீனில், நம் மீனவர்கள் சொறி என்பார்களே, அதில். இந்த ஒட்டுண்ணி அதன் தூரத்துச் சொந்தம் என்று மரபணுக்களும் உறுதி செய்துவிட்டன. வாய், குடல், நரம்பு எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கொட்டும் சிமிழை மட்டும் விடாமல் வைத்திருக்கிறது. இதே கூட்டத்தில் சால்மன் மீனின் தசையில் வாழும் ஒன்று ஆக்சிஜனே இல்லாமல் பிழைக்கிறதென்று 2020-இல் கண்டார்கள். இதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

யாரை நோவது? ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட் சுழல் நோய் ஒட்டுண்ணியோடு காலம் காலமாக வாழ்ந்து பழகியது. அதை இது பெரிதாக வாட்டுவதில்லை. அமெரிக்காவின் பசிபிக் கரைக்குரிய ரெயின்போவை மனிதர்கள்தான் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து நோய் அமெரிக்காவுக்கு வந்தது. 1956-இல் பென்சில்வேனியாவில் முதன்முதலாகத் தென்பட்டது. மீன்களை மாற்றி மாற்றி ஏற்றி அனுப்பியவர்கள் சேற்றைப் பற்றி ஒரு கணமும் யோசிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஆற்றிலுள்ள நோய்க்கு இன்றுவரை மருந்து கிடையாது. பண்ணைகளில் மண் குளத்தை விட்டுச் சிமெண்ட் தொட்டிக்கு மாறினார்கள்; சேறு இல்லையென்றால் புழு இல்லை. மேடிசனில் மீன் பெருமளவு மீண்டுவிட்டது.

ஆற்றிலிருந்து ஏறியதும் மகள் என்னைக் காரில் ஏறவிடவில்லை. பூட்ஸின் அடிப்பள்ளங்களில் அடைந்திருந்த சேற்றைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் வரி வரியாகச் சுரண்டச் சொன்னாள். அரை மணி நேரம் பிடித்தது. ஒரு சிட்டிகைச் சேறுதான் வந்தது. அதை விரலில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன், மயிரிழை போல ஒரு சிவப்புப் புழு நெளிந்தது.

பூட்ஸ் வராந்தாவில் கிடக்கிறது. நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த ஆற்றுக்குப் போக வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்