கரிசல் ஓரத்தில் ஒரு வான்வாசல்

குண்டாற்றங்கரைத் திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை நோக்கிப் பேருந்து புறப்பட்டால் இருபுறமும் கரிசல் மண் விரிகிறது. மழை பெய்தால் காலைப் பற்றும் மண். பெய்யாவிட்டால் பாளம் பாளமாக வெடிக்கும் மண். பருத்தி, மல்லி, மிளகாய், குதிரைவாலி என்று விளைந்த நிலங்களில் பலவற்றை இன்று சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. கண்மாய்களும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையையே நம்பிக் கிடக்கின்றன.

அம்மழை பொய்த்த ஆண்டுகளில் தறியை நம்பியவர் அருப்புக்கோட்டையில் நின்றனர். மற்றவர் வெளியூர் சென்றனர். வளைகுடா சென்ற அத்தாவை வழியனுப்பத் திருச்சிக்கும் சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் குடும்பமே வேன் பிடித்துப் போன காலம் நம் வீடுகளுக்கு நினைவிருக்கும். விமான நிலையம் என்றாலே பிரிவு நடக்கும் இடம் என்று பழகிவிட்டோம். அதுவே நம் பிள்ளைகள் தினமும் வேலைக்குச் சென்று திரும்பும் இடமாகவும் இருக்கக்கூடும் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

காற்றறிந்த ஓடுதளம்

அருப்புக்கோட்டையிலிருந்து காரியாபட்டி, வலையங்குளம் வழியாக மதுரை செல்லும் நெடுஞ்சாலையில், நகரை எட்டுமுன்பே மதுரை விமான நிலையம் வந்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், ஆங்கிலேய விமானப்படை பயன்படுத்திய தளம் இது. 2010-இல் புதிய முனையம் திறக்கப்பட்டது. 2012-இல் கொழும்புக்குப் பன்னாட்டு விமானம் பறக்கத் தொடங்கியது.

ஓடுதளத்தின் ஒரு முனையில் 09 என்றும் மறுமுனையில் 27 என்றும் எழுதியிருப்பார்கள். திசைமானியின் 90, 270 பாகைகளில் கடைசிச் சுழியை விட்ட எண்கள் அவை. அதாவது கிழக்கும் மேற்கும். விமானம் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் விரும்பும். மேல்காற்று வீசினால் மேற்கு நோக்கி இறங்கும். கீழ்காற்று வீசினால் கிழக்கு நோக்கி இறங்கும். களத்து மேட்டில் காற்றின் திசை பார்த்துத் தூற்றியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இப்பாடம் அந்நியமன்று.

முதல் வாரப் பாடங்கள்

விமான நிலைய இயக்கப் பணியில் புதிதாகச் சேர்பவர் முதலில் பெறவேண்டியது நுழைவுச் சீட்டு. காவல்துறை விசாரணை முடிந்த பிறகே அது கிடைக்கும். எந்தப் பகுதிக்குள் செல்லலாம் என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அதை மறந்து வந்தவர் எத்தனை ஆண்டுப் பழக்கமுள்ளவராயினும் வாசலில் நிற்கவேண்டியதுதான்.

அடுத்தது கடிகாரம். வானூர்திப் பணிகளில் உலகப் பொது நேரமே கணக்கு. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. ஆகவே நம் காலை 5.30 மணிக்குத்தான் அங்கே புதுநாள் பிறக்கிறது. சுபுஹுத் தொழுகை முடித்து நாம் வீடு திரும்பும் வேளையை ஒட்டி அவர்களின் நாட்குறிப்பில் புதுத்தேதி விழுகிறது!

மூன்றாவது, தரையைப் பார்க்கும் பழக்கம். ஓடுதளத்தை நாள்தோறும் பலமுறை சோதிப்பார்கள். சிறுகல், ஆணி, கழன்ற திருகு எதுவும் கிடக்கலாகாது. 2000 சூலை 25 அன்று பாரிஸில், முன்சென்ற விமானத்திலிருந்து விழுந்த ஓர் உலோகத் தகடு கான்கார்ட் விமானத்தின் சக்கரத்தைக் கிழித்தது. விளைவு, 113 உயிர்கள் பலியாயின. குனிந்து ஒரு துண்டை எடுப்பதும் உயிர்காக்கும் தொழிலே என்பதைப் புதியவர் அன்றே உணர்ந்துவிடுகிறார்.

வீட்டில் இருப்போர் கடமை

இறைச்சிக் கழிவைத் தேடிப் பருந்துகள் வட்டமிடும். அவற்றில் ஒன்று இஞ்சினில் சிக்கினாலும் ஆபத்து. விமான நிலையத்தைச் சுற்றிப் 10 கிலோ மீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும்படி கழிவைத் திறந்தவெளியில் கொட்டுவதைச் சட்டம் தடுத்துள்ளது. குர்பானிக் கழிவை ஆழக் குழிதோண்டிப் புதைப்பது தூய்மைக்கு மட்டுமன்று, வானில் வரும் முகமறியாப் பயணிகளின் பாதுகாப்புக்கும் நாம் செய்யும் உதவியாகும்.

ஓடுதளத்தை நீட்டுவதற்காகச் சின்ன உடைப்பு, அயன்பாப்பாகுடி முதலிய ஊர்களின் நிலம் எடுக்கப்பட்டது. 2024-இல் சின்ன உடைப்பு மக்கள் மாற்றிடம் கேட்டுப் போராடினர். வான்வாசலின் விலையில் ஒரு பங்கை அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் கொடுத்திருக்கிறார்கள் என்பதை அங்கே சம்பளம் பெறும் எவரும் மறக்கலாகாது.

தரகரை நம்பாதீர்!

"விமான நிலையத்தில் வேலை, பணம் கட்டினால் போதும்" என்று சொல்லி வருவோர் பலர். அவர்களை நம்பித் தாய்மார் நகையை அடகு வைப்பது வேதனைக்குரியது. 1995-இல் அமைந்த இந்திய விமான நிலைய ஆணையம் தன் பணியிடங்களை வெளிப்படையாக விளம்பரம் செய்தே நிரப்புகிறது. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணித்தேர்வு எழுத இயற்பியலும் கணிதமும் கூடிய அறிவியல் பட்டமோ, அப்பாடங்கள் இடம்பெற்ற பொறியியல் பட்டமோ வேண்டும். பயணிகள் சேவை, சரக்கேற்றம், தரைப்பணி ஆகியவற்றுக்கு விமான நிறுவனங்களும் தரைப்பணி நிறுவனங்களும் தனியே ஆள் எடுக்கின்றன. எங்கும் தரகருக்குக் கொடுக்கும் காசு படிப்புக்கு ஈடாகாது.

ஆகவே பெற்றோர்களே, மகனாயினும் மகளாயினும் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலையும் கணிதத்தையும் கண்டு அஞ்சி ஒதுங்க விடாதீர்கள். வானம் பார்த்த பூமியின் பிள்ளைகளுக்கு வானத்தையே தொழிலாக்கிக்கொள்ளும் வழி, ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது.