ஒரு தரம்... ரெண்டு தரம்... உங்க சைட்டுல!

பழைய கேமரா, ஸ்டாம்ப், நாணயம், இங்க் பேனா... இதில் ஏதாவது ஒரு பைத்தியம் உங்களுக்கு இருக்கா? இருந்தால் அதைப் பத்தி ஒரு வெப்சைட்டும் வெச்சிருப்பீங்க. இல்லேன்னா இந்த செமஸ்டர் லீவுல ஆரம்பிச்சுடுவீங்க. எப்படியும் ஹோஸ்டிங்குக்கு வருஷா வருஷம் காசு கட்டணும். அப்பாகிட்ட கேட்டால் ‘அது எதுக்குடா?’ன்னு வரும். அப்போதான் யாராவது ஒரு சீனியர் காதில் ஓதுவார்: “இ-பே ஏலத்தை உன் சைட்டுல காட்டுடா மாப்ள, கமிஷன் கிடைக்கும்!”

கிடைக்கும்தான். ஆனால் எதை வைத்துக் காட்டுவது என்பதில்தான் மேட்டரே இருக்கிறது.

எனக்கு இருப்பது பேனா பைத்தியம். அதிலும் 1941-ல் அமெரிக்காவில் வந்த ‘பார்க்கர் 51’ என்றால் உயிர். நிப்பே வெளியே தெரியாது, மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் அழகு ராட்சசன். இந்தப் பேனாக்கள் இன்றைக்கும் தினம் தினம் இ-பேயில் ஏலம் போகின்றன. என் சைட்டில் ஒவ்வொரு மாடலைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி, கீழே ‘இப்போது ஏலத்தில் இருப்பவை’ என்று ஒரு பட்டியல் போட்டேன். ஹாஸ்டல் மெஸ் பில்லின் ஒரு பகுதியை அந்தப் பட்டியல்தான் கட்டியது.

கணக்கு எப்படின்னா, உங்க லிங்க் வழியா ஒருத்தர் இ-பேக்குப் போறார். சாதாரண விற்பனைன்னா 24 மணி நேரத்துக்குள் வாங்கணும். ஏலம்னா அந்த 24 மணி நேரத்துக்குள் விலை கேட்டுடணும், 10 நாளுக்குள் ஜெயிச்சுடணும். அப்போதான் உங்களுக்குப் பங்கு. அதுவும் பொருளைப் பொறுத்து விற்ற விலையில் சில சதவிகிதம்தான். பைக் வாங்கிடலாம்னு கனவு கண்டுடாதீங்க. நீங்களே க்ளிக் பண்ணி நீங்களே வாங்கினால் கமிஷன் கிடையாது. அதையும் யோசிச்சிருப்பீங்கன்னு தெரியும்!

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். இ-பே பிறந்தது 1995-ல். முதலில் விற்ற பொருள் ஒரு உடைந்த லேசர் பாயின்டர், 14.83 டாலர். உடைஞ்சதையே ஒருத்தர் காசு கொடுத்து வாங்கியிருக்கார் பாருங்க, அங்கேயே பிசினஸ் புரிஞ்சு போச்சு. நம்ம ஊர் பாஸீ டாட் காமை 2004-ல் வாங்கி இந்தியாவிலும் கடை விரித்தார்கள். அந்த இந்தியக் கடை 2018-ல் மூடப்பட்டது. அமெரிக்கக் கடை ஜோராக நடக்கிறது. ஆள் பிடித்துத் தருபவர்களுக்குக் கமிஷன் தரும் வேலையை முதலில் வேறொரு கம்பெனி மூலம் செய்தவர்கள், 2008-ல் ‘இ-பே பார்ட்னர் நெட்வொர்க்’ என்று சொந்தமாகவே ஆரம்பித்தார்கள். அதே 2008-ல்தான் அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் மேல் வழக்கும் போட்டார்கள். யாரும் க்ளிக் பண்ணாமலே, பண்ணின மாதிரி குக்கியைத் திணித்தார்கள் என்று புகார். 2014-ல் இருவருக்கும் ஜெயில். ‘இந்த டூலைப் போட்டா க்ளிக்கே வேணாம் பாஸ்’ என்று யாராவது வந்தால் எந்தப் பக்கம் ஓடணும்னு இப்போ தெரியுதா?

சரி, டூலுக்கு வருவோம்.

ரெடிமேட் பெட்டி ஒன்று உண்டு. இரண்டு வரி ஜாவாஸ்க்ரிப்டை ஒட்டினால் படமும் விலையுமாக ஏலங்கள் வந்து நிற்கும். அஞ்சு நிமிஷ வேலை. ஆனால் உள்ளே என்ன வரும்னு முழுசா உங்க கையில் இருக்காது. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களுக்கு அந்த இடம் வெள்ளையாகத் தெரியலாம். ஆசைக்கு ஒரு பக்கத்தில் வைக்கலாம், ஒரு முழு சைட்டை இதை நம்பிக் கட்டாதீங்க.

அடுத்தது ப்ளக்-இன். வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இங்கேதான் வந்து நிற்பார்கள். நானும் நின்றேன். காசு கொடுத்து வாங்கிய ப்ளக்-இன், பேர் வேண்டாம். பார்க்க செம ஸ்டைல். ‘இன்னும் 5 மணி 10 நிமிடம்’ என்று கடிகாரமெல்லாம் ஓடும். என் சைட்டின் பழைய வாசகர் ஒருவர், அமெரிக்காவில் ஒஹையோ பக்கம் இருப்பவர், தன் அப்பா வைத்திருந்த மாதிரியே சீடர் ப்ளூ நிறத்தில் ஒரு 51 தேடிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் அது வந்தது. கடிகாரத்தைப் பார்த்து அலாரம் வைத்துக் காத்திருந்து, கடைசி நேரத்தில் க்ளிக் பண்ணினால்... ஏலம் முடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது! மனுஷர் கோபப்படக்கூட இல்லை. “தம்பி, உன் கடிகாரத்தைக் கொஞ்சம் பார்” என்கிற தொனியில் ரெண்டு வரி மெயில். அதுக்குத் திட்டியிருக்கலாம்.

ப்ளக்-இன்னைத் திறந்து பார்த்தேன். இ-பே அனுப்பும் முடிவு நேரம் யு.டி.சி.யில் வரும். யு.டி.சி. மாலை 6 மணி என்றால் நமக்கு இரவு 11.30, ஜூலை மாதத்தில் கலிஃபோர்னியாவுக்கு அதே நாள் காலை 11. இந்த ப்ளக்-இன் அதை ஹோஸ்டிங் கம்ப்யூட்டரின் சொந்த நேரம் என்று எடுத்துக்கொண்டு கூட்டிக் கழித்திருந்தது. அதோடு போச்சா? பத்து இலக்கத்தில் உங்களுக்கென்று ஒரு கேம்பெய்ன் எண் தருவார்கள் இல்லையா, அந்த எண்ணைத் தேடிக்கொண்டே போனால், நடுவில் எனக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு எண்! பத்து லிங்க்கில் ஒன்று அந்த எண்ணில் போய்க்கொண்டிருந்தது. ப்ளக்-இன் எழுதிய புண்ணியவானின் ‘பங்கு’. வாங்கும்போது சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன் சார். காசும் வாங்கிக்கொண்டு பாக்கெட்டிலும் கை விட்டால் அதுக்குப் பேர் என்ன?

அதனால எந்த ப்ளக்-இன் வாங்கினாலும் முதல் வேலை, உங்க பக்கத்தில் வரும் லிங்க்குகளில் ஒரு இருபது முப்பதை க்ளிக் பண்ணாமல் காப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டுங்க. எல்லாவற்றிலும் உங்க எண்தான் இருக்கான்னு பாருங்க. பக்கத்தை ரெண்டு மூணு தடவை ரீஃப்ரெஷ் பண்ணித் திரும்பவும் பாருங்க. கோடிங் தெரியாவிட்டாலும் இதைச் செய்யலாம்.

இரண்டாவது கேள்வி: இது இ-பேயிடமிருந்து எந்த வழியில் தகவல் எடுக்கிறது? ரொம்ப நாள் எல்லோரும் நம்பியிருந்த ‘ஃபைண்டிங் ஏ.பி.ஐ.’யை 2025 ஆரம்பத்தில் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி எழுதப்பட்ட டூல்கள் இன்னமும் அங்கங்கே விற்பனைக்குத் தொங்கிக்கொண்டிருக்கலாம். இப்போது ஓடுவது ‘ப்ரௌஸ் ஏ.பி.ஐ.’ அதைத்தான் பயன்படுத்துகிறதா என்று கேட்டு, பதில் வந்த பிறகு பர்ஸைத் திறங்க.

நான் ப்ளக்-இன்னைத் தூக்கிவிட்டுச் சொந்தமாக பி.எச்.பி.யில் சின்னதாக ஒன்று எழுதிக்கொண்டேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசாமியாக இருக்கவேண்டும் என்று இல்லை, என் க்ளாஸ்மேட் சிவில். ரெண்டு பேரும் ஒரு சனி, ஞாயிறு உட்கார்ந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் வரை ஒரு ஏலம்கூட வரவில்லை! எல்லாம் நேரடி விலை அயிட்டங்கள். டாக்குமென்டேஷனில் தேடினால், ப்ரௌஸ் ஏ.பி.ஐ. நீங்கள் கேட்டால்தான் ஏலத்தைத் தரும். ஃபில்டரில் ‘ஆக்‌ஷன்’ என்று தனியாகச் சொல்லணும். ‘சீக்கிரம் முடிபவை முதலில்’ என்றும் வரிசைப்படுத்தச் சொல்லலாம். ரகசியச் சாவி சர்வரில் மட்டும் இருக்கட்டும். ஜாவாஸ்க்ரிப்டில் வைத்தால் ஊருக்கே சாவி கொடுத்த மாதிரி.

ஒரு நாளைக்கு ஆரம்பத்தில் 5,000 தடவைதான் கேட்கலாம். வருகிற ஒவ்வொரு வாசகருக்கும் போய்ப் போய்க் கேட்டால் மதியத்துக்குள் காலி. அதனால் கேட்டதைச் சேமித்து வைத்துக் காட்டணும். என்னிடம் 40 பக்கம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் ஒரு நாளைக்கு 3,840. ஜம்முன்னு அடங்கிடுச்சு. அரை நாள் பழசைக் காட்டும் டூல்கள் இருக்கின்றன. புத்தகம் விற்கும் சைட்டுக்கு அது ஓ.கே.வாக இருக்கலாம். ஏலத்துக்கு ஆகாது. கடைசி ஒரு நிமிடத்தில்தான் எல்லோரும் பாய்வார்கள், 20 டாலரில் தூங்கிக்கொண்டிருந்த பேனா 90-க்குப் போய் நிற்கும். அதனால் கடைசி ஒரு மணி நேரத்தில் என் பக்கத்தில் விலையே காட்டுவதில்லை. ‘இப்போதைய விலையை அங்கே பாருங்கள்’ என்று மட்டும் இருக்கும். முடிந்த ஏலம் உடனே மறைந்துவிடும். இந்த ஒரு விஷயத்தைச் செய்ய முடியாத டூல் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இன்னொரு காமெடி, தேடல் வார்த்தை. வெறும் ‘பார்க்கர்’ என்று போட்டால் ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கரின் காமிக்ஸும், சார்லி பார்க்கரின் ஜாஸ் இசைத்தட்டும் பேனாவோடு கை கோத்துக்கொண்டு வரும். ‘பார்க்கர் 51’ என்று சரியாகப் போட்டாலும், அதே பெயரில் பல வருடம் கழித்து வந்த புது மாடல் குறுக்கே நிற்கும். பேனா பிரிவு எண்ணைக் கொடுத்துத் தேட விடணும், வேண்டாத வார்த்தையைக் கழிக்க விடணும். இந்த இரண்டும் இல்லாத டூலில் சுத்தமான பட்டியல் வரவே வராது.

அப்புறம், பட்டியலை மட்டும் வைத்து நூறு பக்கம் போடும் ஆசை வரும், வந்தே தீரும். 2011-ல் கூகுள் ‘பாண்டா’ என்று ஒரு மாற்றம் கொண்டுவந்தபோது, சொந்தச் சரக்கு இல்லாத சைட்டுகள் கூட்டம் கூட்டமாகத் தேடலில் கீழே போயின. எழுத்து உங்களுடையதாக மேலே இருக்கட்டும், ஏலம் அதற்குக் கீழே. லிங்க்கில் ‘ஸ்பான்சர்டு’ என்று குறிக்கச் சொல்லி 2019-ல் கூகுளே சொல்லிவிட்டது, அதையும் போடுங்க. ‘இந்த லிங்க் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்’ என்று பட்டியலுக்கு மேலேயே ஒரு வரி எழுதிவிட்டேன். யாரும் அதைப் படித்துவிட்டு ஓடிப் போகவில்லை.

ஒஹையோக்காரருக்கு அதுக்கப்புறம் சீடர் ப்ளூவில் ரெண்டு 51 கண்ணில் பட்டன. முதலாவதன் மூடியில் பள்ளம், வேண்டாம் என்றுவிட்டார். ரெண்டாவதற்கு விலை கேட்டிருக்கிறார். இதை எழுதும்போது ஏலம் முடிய இன்னும் மூன்று நாள் பாக்கி.