என்ன வேலைக்கு?

சாரல் காலத்துக் குற்றாலத்தில் கத்திகளுக்கு ஓய்வு கிடையாது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் தூறலும் இறங்கிப் பேரருவியும் ஐந்தருவியும் பெருகும்போது, அருவிக்குப் போகும் பாதை நெடுகப் பழக்கடைகள் முளைத்துவிடும். மங்குஸ்தானின் தடித்த தோலைச் சுற்றிக் கீறித் திறக்கிறார்கள். பலாச்சுளையைப் பிரிக்கிறார்கள். மாங்காயைக் கீறி மிளகாய்ப்பொடி தூவித் தருகிறார்கள். காலையில் தொடங்கும் இந்த வேலை விளக்கு வைத்த பிறகும் நடக்கிறது.

அதே பாதையில் பாசிமணிக்கும் பொம்மைக்கும் நடுவே மடக்குக் கத்திகளும் அட்டையில் கோத்துத் தொங்குகின்றன. கண்ணாடி போல மின்னும் அலகு, வண்ணப் பிளாஸ்டிக் பிடி. ஒன்றை விரித்து, அலகின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தேன். அது தாராளமாக ஆடியது. பக்கத்தில் பலாப்பழம் அரிந்துகொண்டிருந்த அக்காவின் கையிலும் மடக்குக் கத்திதான் இருந்தது. அலகு கறுத்து, பல வருடச் சாணையில் பாதியாகத் தேய்ந்திருந்தது. ஆனால் அசைவு துளியும் இல்லை.

“கடையில தொங்குற கத்திய வச்சு நான் ஏவாரம் பாக்க முடியுமா தம்பி? ரெண்டு நாள்ல ஆடிரும். இது எங்க மாமனார் சொல்லி அடிச்சு வாங்குனது. தென்காசியில பட்டறை இருக்கு, போய்ப் பாருங்க” என்றார்.

குற்றாலத்திலிருந்து தென்காசி ஐந்தாறு கிலோமீட்டர். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த காசி விசுவநாதர் கோயிலின் ஏறத்தாழ 180 அடி உயரக் கோபுரம் ஊருக்குள் எங்கிருந்தாலும் தெரியும். அந்தக் கோபுரம் தெரியும் தூரத்தில், ஒரு சிறிய தெருவில், தகரக் கூரை போட்ட பட்டறை. வெளிச்சம் குறைவு. வறுமையால் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. காய்ந்த இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் அதன் சூட்டை அறிய வேண்டும். நல்ல வெயிலில் அந்த நிறம் கண்ணுக்குப் பிடிபடாது. கொல்லருக்கு அந்த அரையிருட்டும் ஒரு கருவி.

ஆசாரி அண்ணாச்சிக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். மடக்குக் கத்தி வேண்டும் என்றதும் அவர் விலை பேசவில்லை. “என்ன வேலைக்கு?” என்று கேட்டார்.

பழம் நறுக்க, கயிறு அறுக்க, தோட்டத்தில் கொப்பு கழிக்க என்றேன். அவருக்கு அது போதவில்லை. “பழத்துக்குன்னா வாய் மெலிசா வேணும். கொப்பு கழிக்கணும்னா முதுகு கனமா வேணும். ரெண்டுக்கும் ஒரே கத்தின்னா ரெண்டையும் அரைகுறையாத்தான் செய்யும். எது கூடுதலா செய்வீங்க, அதச் சொல்லுங்க.” ஆடு மேய்ப்பவர் வந்தால் குளம்பு சீவுவதற்கு நுனி மழுங்கிய அலகு அடித்துக் கொடுப்பாராம். நுனி கூர்மையாக இருந்தால் ஆடு துள்ளும்போது அதன் காலில் ஏறிவிடும். எலுமிச்சைத் தோட்டக்காரருக்கு நேர்வாய். வெற்றிலை போடுகிற பெரியவருக்கு விரல் நீளத்தில் சின்னக் கத்தி. கடைவீதியில் தொங்கும் கத்திகளில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. யாரோ ஒருவருக்காக அல்ல, யாருக்கும் பொதுவாகச் செய்யப்பட்டவை அவை. பட்டறைக் கத்தி, வாங்குபவர் சொல்லும் பதிலிலிருந்து உருவாகிறது.

பழம்தான் கூடுதல் என்றேன். வேலை தொடங்கியது.

மூலப்பொருள், லாரியிலிருந்து கழற்றிய வில்பட்டை. பட்டா என்பார்கள். சாதாரணக் கம்பி இரும்பில் கரிமம் பெரும்பாலும் 0.25 சதவீதத்துக்குள்தான். அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் ஏறாது. வில்பட்டையில் கரிமம் 0.5, 0.6 சதவீதம் அளவில் இருக்கும். தோய்த்தால் கடினமாகும், பக்குவப்படுத்தினால் உடையாமல் வளைந்து நிமிரும். பழைய பட்டாவில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அதனால் ஒவ்வொரு துண்டையும் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார். ஓசை நீண்டு ஒலித்தால் உலைக்கு, அடங்கி ஒலித்தால் பழைய இரும்புக் கடைக்கு.

உலையில் சீமைக் கருவேல மரக்கரி. துருத்தி இருந்த இடத்தில் இப்போது மின்சார ஊதி. காய்ந்த துண்டைக் குறட்டில் பிடித்துப் பட்டடையில் வைத்து அவர் சுத்தியலால் இடம் காட்ட, எதிரே நின்ற இளைஞர் சம்மட்டியை அதே இடத்தில் இறக்கினார். நிறம் மங்கியதும் அடி நின்றது. ஆறிய இரும்பில் அடித்தால் உள்ளே விரிசல் விழும். மறுபடி உலை, மறுபடி பட்டடை. அலகின் உருவம் வந்ததும் அரம் போட்டு விளிம்பைச் சீராக்கி, அடியில் ரிவிட்டுக்குத் துளை போட்டார். தோய்ப்பதற்கு முன்பே துளையிட வேண்டும். கடினமான பிறகு துரப்பணம் இறங்காது.

அடுத்து தோய்ச்சல். இதுதான் கத்தியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் கட்டம். எஃகு ஏறத்தாழ 770 டிகிரி சூட்டைத் தாண்டும்போது காந்தம் அதில் ஒட்டாது. அதற்குச் சற்று மேலே வைத்துச் சட்டென்று குளிர வைத்தால்தான் கடினம் ஏறும். அவர் காந்தம் வைத்துப் பார்க்கவில்லை. “கோவைப்பழம் பழுத்த நிறம் வரணும். அதுக்கு மேல போனா இரும்பு நொறுங்கும்” என்றார். மண்வெட்டியைத் தண்ணீரில் தோய்ப்பவர், இந்த மெல்லிய அலகை எண்ணெயில் தோய்த்தார். தண்ணீர் சூட்டை வேகமாகப் பறிக்கும், மெலிந்த வாய் கோணிப் பிளந்துவிடும். எண்ணெய் நிதானமாகப் பறிக்கும். அதிலும் வாய்ப் பக்கம் மட்டும்தான் உள்ளே போனது. துளை உள்ள அடிப்பகுதியை வெளியிலேயே நிறுத்திவிட்டார். அது கடினப்பட்டால் ரிவிட்டைச் சுற்றி ஒருநாள் உடையும்.

தோய்த்த அலகைக் கல்லில் தேய்த்து வெளுப்பாக்கி, மறுபடியும் இளஞ்சூட்டில் காட்டினார். வெள்ளை உலோகத்தின் மேல் வைக்கோல் நிறம் மெதுவாகப் படர்ந்தது. இருநூற்றிருபது, இருநூற்று நாற்பது டிகிரிச் சூட்டின் அடையாளம் அது. இன்னும் கொஞ்சம் விட்டால் ஊதா, அதற்கும் மேல் நீலம். நீலம் வந்தால் அலகு வில்லாகிவிடும், கூர் நிற்காது. வைக்கோல் நிறம் வாயை எட்டிய கணத்தில் எடுத்துவிட்டார்.

இவ்வளவும் அரிவாளுக்கும் உண்டு. மடக்குக் கத்திக்கு மட்டும் உரியது கடைசி வேலை. பிடிக்கு வைரம் பாய்ந்த புளிய மரமா, எருமைக் கொம்பா என்று கேட்டார். மான் கொம்பு கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நான் புளிய மரம் சொன்னேன். இரண்டு பிடிப் பலகைகளுக்கு நடுவே அலகை வைத்து, இருபுறமும் மெல்லிய பித்தளை வாஷர் கொடுத்து, ரிவிட்டு ஆணியைச் செருகினார். பட்டடையில் சுத்தியல் வீசிய அதே கை, இப்போது சின்னச் சுத்தியலால் ஆணியின் தலையைத் தட்டித் தட்டிப் பரப்பியது. இரண்டு தட்டு, பிறகு விரித்து மடக்கிப் பார்ப்பது, ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி ஒரு தட்டு. இறுக்கம் குறைந்தால் அலகு ஆடும். ஒரு தட்டு கூடிப்போனால் நகத்தால் விரிக்க முடியாது, ஆணியையே துளைத்து எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். உலை வேலைக்குத் தோள் வேண்டும், இதற்கு விரல்நுனி வேண்டும். இரண்டும் ஒரே மனிதரிடம் அமைவதால்தான் மடக்குக் கத்தி அடிக்கத் தெரிந்த கொல்லர்கள் எப்போதும் சிலரே.

இரும்பு இந்தப் பகுதிக்கு நேற்று வந்ததல்ல. தென்காசி மாவட்டத்திலேயே திருமலாபுரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2024இல் தொடங்கிய அகழாய்வில் இரும்புக் காலத்து ஈமக் குழிகள் வெளிவந்தன. பொருநை ஆற்றுப் பகுதியின் ஆதிச்சநல்லூர், சிவகளை இரும்புப் பொருள்களை உலகம் இன்று பேசுகிறது. சிவகளையின் காலக்கணிப்பு, இங்கே இரும்பின் பயன்பாட்டை 5,000 ஆண்டுகளுக்கும் முன்னே கொண்டுபோகிறது என்று 2025 ஜனவரியில் அரசு வெளியிட்ட ஆய்வு நூல் சொல்கிறது. அந்தச் செய்தியில் நாம் கொள்ளும் பெருமிதம் நியாயமானது. அதில் ஒரு பங்கு இன்றைக்கு உலையூதுகிற கைகளுக்கும் சேர வேண்டும்.

பட்டறையின் சுவரில் ஒரு நோட்டு தொங்கியது. அரிவாளோ கத்தியோ வாங்குகிறவரின் பெயர், ஊர், தொலைபேசி எண், வாங்கும் காரணம். தொடர் கொலைகளை அடுத்து 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை ‘ஆபரேஷன் டிஸ்ஆர்ம்’ நடவடிக்கையில் இறங்கியபோது, பட்டறைகளில் இப்படிப் பதிவு வைக்கவும் கேமரா பொருத்தவும் சொன்னார்கள். அண்ணாச்சிக்கு இதில் வருத்தமில்லை. “எங்க அப்பா காலத்துலயே என்ன வேலைக்குன்னு கேக்காம அடிச்சுக் குடுத்ததில்ல தம்பி. வாயால கேட்டத இப்ப எழுதி வைக்கோம், அவ்வளவுதான்” என்றார்.

சட்டமும் ஏறத்தாழ இதையேதான் கேட்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுகளை ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கும் தருகின்றன. சட்டைப்பையில் அடங்கும் மூன்று அங்குலக் கத்தி அந்த அளவுக்கு எங்கோ கீழே. ஆனாலும் அதைக் காட்டி ஒருவரை மிரட்டினால் குற்றம்தான். வேலைக்கு என்ற பதில் இருக்கும்வரைதான் அது கருவி. ஆகவே வேலையில்லாத இடத்துக்கு, குறிப்பாகக் கூட்டத்துக்குள், அதை எடுத்துப் போகாமல் இருப்பதே முறை. விமானத்தில் கைப்பையில் அனுமதியே இல்லை.

பயம் ஒரு தொழிலை எப்படித் தேய்க்கும் என்பதற்கு ஜப்பானில் பாடம் உண்டு. மிகி நகரத்தில் 1890களில் உருவான ஹிகோனோகாமி, வில்லில்லாத எளிய மடக்குக் கத்தி. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ அதைத்தான் வைத்திருந்தார்கள். 1960இல் சோசலிஸ்ட் கட்சித் தலைவர் அசனுமா மேடையிலேயே ஓர் இளைஞனால் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றது குறுவாள். ஆனால் பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் பரவி, மடக்குக் கத்திப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று அந்தப் பெயரில் செய்வது ஒரே ஒரு குடும்பத் தொழிலகம். பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் 1890இல் தொடங்கிய ஒப்பினெல் கத்தியோ இன்றும் விவசாயிகள் பையில் இருக்கிறது. வேலை செய்கிறவர்கள் கைவிடாததால் அது நிலைத்தது.

இங்கே அண்ணாச்சியின் உலை அணையாமல் இருப்பது மடக்குக் கத்தியால் அல்ல. அரிவாள், மண்வெட்டி, கோடாலிக்கு வாய் போடுவது, பீடி சுற்றும் பெண்களின் கத்தரியைத் தீட்டித் தருவது, கோயில் கொடைக் காலத்தில் சுடலைமாடனுக்கு நேர்ந்துகொண்ட அரிவாள்கள். மடக்குக் கத்தியைக் கேட்டு வந்தால் மட்டுமே செய்கிறார். ஓர் அரிவாளைவிட அதிக நேரம் பிடிக்கும், கடைவீதிக் கத்தியின் விலையைக் காட்டிப் பேரம் பேசுவார்கள். கைவினைஞர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை மானியத்தோடு கடன் தரும் கலைஞர் கைவினைத் திட்டம் வந்திருப்பது நல்லது. கடனால் கிரைண்டர் வாங்கலாம். கத்தி கேட்டு ஆள் வந்தால்தான் கிரைண்டர் சுற்றும்.

வாங்க நினைப்பவர்கள் பார்க்க வேண்டியவை சில. அலகை விரித்துப் பக்கவாட்டில் அசையுங்கள், ஆடக்கூடாது. மடக்கும்போது அலகு பிடியின் நடுவில் இறங்க வேண்டும், மரத்தில் உரசினால் கூர் போய்விடும். பட்டறைக் கத்திக்குப் பூட்டு கிடையாது, ரிவிட்டின் இறுக்கம் மட்டுமே. அதனால் நுனியால் குத்தி நெம்பாதீர்கள், அலகு மடங்கி விரலில் விழும். இழுத்து அறுங்கள். எலுமிச்சை, மாங்காய் பட்டால் அலகு கறுக்கும். அது கெட்டுப்போவதில்லை, அந்தக் கறுப்புப் படலம் துருவைக் கொஞ்சம் தள்ளி வைக்கும். ஆனால் குற்றாலத்து ஈரத்தில் துடைக்காமல் மடக்கினால் ஒரே இரவில் ரிவிட்டடியில் துரு பூக்கும். துடைத்து, ஒரு துளி எண்ணெய் தொட்டு மடக்குங்கள்.

அவர் கேட்ட 350 ரூபாயைக் கொடுத்தேன். நோட்டில் என் பெயருக்கு நேரே காரணம் என்ற கட்டத்தில் ‘பழம் நறுக்க’ என்று அவரே எழுதினார். பிறகு, “வாய் மழுங்குனா வீட்டுக் கல்லுல போட்டுத் தேய்க்காதீங்க. கொண்டு வாங்க. ரிவிட்டையும் பாத்துத் தாரேன்” என்றார்.

கத்தி விற்ற பிறகும் தொடரும் பொறுப்பு அது. கடைவீதியில் எந்த விலைக்கும் அது கிடைக்காது. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் ஈரத் துண்டோடு ஊர் திரும்பும் வழியில் இப்படி ஒரு பட்டறையில் நிற்கலாம். என்ன வேலைக்கு என்று தெளிவாகச் சொல்லலாம், கேட்ட விலையைக் கொடுக்கலாம், நாள் கேட்டால் காத்திருக்கலாம். அடுத்த சாரலுக்கு வரும்போது சாணைக்குக் கொடுக்கலாம். விரல்நுனியில் ரிவிட்டு இறுக்கும் பழக்கம் அடுத்த கைக்கு மாற வேண்டுமானால், அந்தக் கைக்குப் பழக வேலை வேண்டும். அதைக் கொடுக்க நம்மால் முடியும்.